அந்தத் தூளைக் குடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு

ஹட்டன் டவுனில் நான் போகும் ஜிம்மில் சனி, ஞாயிறு காலை நேரம் பெண்களுக்கு ஒதுக்கியது. புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் பழகியதும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, எக்சசைஸ் செய்யிறதுக்கு முன்னாடி கலக்கிக் குடிக்கிற தூள் இருக்குல்ல, அது நல்லதா? குடிக்கலாமா?" நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை அவர்கள் காதுக்கு அரைகுறையாகப் போயிருக்கிறது. எனக்கு மாரடைப்பு வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். தூளில் விஷம் இருந்ததாக ஒருவர் சொன்னாராம். இரண்டுமே சரியில்லை. உடுப்பு மாற்றும் அறையில் நின்றபடி சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ரஞ்சனி. வயது முப்பத்து நான்கு. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், பின்னேரம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் அந்தப் பிள்ளைகள் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் சிவகுமார் ஹட்டனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் நிரோஷா, நாலாம் தரம் படிக்கிறாள். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா செல்வி இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் குண்டெறிதலில் எனக்குப் பரிசுகள் கிடைத்திருக்கின்றன. கல்யாணத்தோடு அதெல்லாம் நின்றுபோனது. நிரோஷா பிறந்த பிறகு இடுப்புவலி விடாமல் இருந்தது. கிளினிக்கில் பார்த்த நர்ஸ் மிஸ், முதுகுத் தசைகளைப் பலப்படுத்தினால்தான் குறையும் என்றார். அப்படித்தான் ஜிம்முக்குப் போனேன். அதை நடத்துகிற ரபீக் மாஸ்டர் முன்பு விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். முதல் நாள் நான் நிலத்திலிருந்து இரும்புப் பாரைத் தூக்கி நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி பளு தூக்கியிருக்கீங்களா?"

"தெனமும் தூக்குறேன் மாஸ்டர். மடுவத்துல இருக்கிற பிள்ளைங்கள."

அவர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு தட்டுகளைப் பாரில் மாட்டினார். அதையும் தூக்கினேன். ஒன்றரை வருடத்தில் மாகாணப் பளுதூக்கல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். இடுப்புவலி எப்போது போனதென்றே கவனிக்கவில்லை.

போட்டிக்கு நாள் நெருங்கியபோதுதான் தூள் வந்தது. என்னோடு பயிற்சி செய்யும் ஒருவர், வங்கியில் வேலை, தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். செந்நிறமாக, புளிப்பாக இருந்தது. சற்று நேரத்தில் முகமும் விரல்நுனிகளும் எறும்பு ஊர்வதுபோல் கூசின. "இப்ப பாருங்க" என்றார் அவர். அன்று நான் வழக்கத்தைவிட அதிகம் தூக்கினேன். களைப்பே தெரியவில்லை. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. பலன் இருந்தது.

கொழும்பிலிருந்து கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் நானும் ஒரு டப்பா வாங்கினேன், பிறகு இன்னொன்றும். போட்டிக்காக வாரநாட்களிலும் மடுவத்து வேலை முடித்து, பஸ் பிடித்து, அந்திநேரம் ஜிம்முக்குப் போகும் நாட்களில் உடம்பு அசந்துபோயிருக்கும். தூளைக் குடித்தால் எழுந்து நிற்கும். ஆனால் இரவு தூக்கம் வராது. தூங்காத உடம்பு மறுநாள் இன்னும் அசந்திருக்கும். அதற்கு ஒரு கரண்டி போதாது, கொஞ்சம் கூடப் போட வேண்டும். இந்தச் சுற்றுக்குள் நான் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. தலைவலி வந்தால் மழை என்று நினைத்தேன். கை நடுங்கினால் பாரைத் தூக்கியதால் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நல்ல மூடுபனி. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. வயிறு பாரமாக இருக்கக்கூடாது என்று சாப்பிடவும் இல்லை. ஒரு தேத்தண்ணியோடு கிளம்பினேன். த்ரீவீலில் என்னை ஜிம்முக்குக் கொண்டுவந்து விட்ட சிவகுமார் கையில் ஒரு எனர்ஜி டிரிங்க் டின் இருந்தது. இரவில் ஹயர், அதாவது வாடகைச் சவாரி, ஓடுகிறவர்கள் கண் சொருகாமலிருக்கக் குடிப்பது. பாதியை அவரிடம் வாங்கிக் குடித்தேன். பிறகு உள்ளே போய்த் தூளையும் கலக்கிக் குடித்தேன்.

இரண்டாவது முறை பாரைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து எழுந்தபோது அது தொடங்கியது. இதயத் துடிப்பு படிப்படியாகக் கூடவில்லை. யாரோ சுவிட்சைப் போட்டதுபோல் ஒரே நொடியில் பறக்கத் தொடங்கியது. தொண்டைக்குழியில், கழுத்தின் இரண்டு பக்கமும் அடித்தது. உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கழுத்துத் துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. கண் இருண்டு வந்தது.

"மாஸ்டர், எனக்கு என்னமோ செய்யுது" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எண்ண முடியவில்லை போல, உடனே விட்டுவிட்டு சிவகுமாருக்குப் போன் எடுத்தார். அவர் இன்னும் ஸ்டாண்டில்தான் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, "பேசிக்கிட்டே வா ரஞ்சி, என்னமாச்சும் பேசு" என்றார். எனக்குப் பேச மூச்சில்லை. நிரோஷாவின் பெயரை மட்டும் சொன்னேன் என்று பிறகு அவர்தான் சொன்னார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளவயது டொக்டர் ஒருவர் இருந்தார், சிங்களப் பெண். மார்பிலும் கைகால்களிலும் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் சோதனை அது. என் கோடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நெருக்கமாக நின்றன. நிமிடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிக்கிறது என்று அங்கிருந்த மிஸ் தமிழில் சொன்னார்.

"பெஹெத் மொக்குத் பிவ்வத?" என்று டொக்டர் கேட்டார். மருந்து ஏதாவது குடித்தீர்களா என்று அர்த்தம்.

"நே, டொக்டர்" என்றேன். இல்லை என்று.

நான் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் எனக்குப் பனடோல், இருமல் பாணி, ஆஸ்பத்திரியில் டொக்டர் எழுதும் துண்டுக்குக் கொடுக்கும் குளிசை. ஜிம்மில் குடிக்கிற புளிப்புத் தண்ணீர் அந்தக் கணக்கில் வரும் என்று தோன்றவேயில்லை.

முதலில் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சைக் கையில் கொடுத்து, அதன் முனையில் வாய் வைத்து மூச்சைப் பிடித்து ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் என்னைப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் மேலே தூக்கிப் பிடித்தார்கள். சிலருக்கு அதிலேயே இதயம் நிதானத்துக்கு வந்துவிடுமாம். எனக்கு வரவில்லை. பிறகு முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றினார்கள்.

மிஸ் என் காதருகே குனிந்தார். "இந்த மருந்து போனதும் உயிர் போற மாதிரி இருக்கும். போகாது. கொஞ்ச நேரந்தான். பயப்படாதீங்க, என்ன?"

மருந்து போனது. முகம் சூடாகி, நெஞ்சின்மேல் யாரோ கைவைத்து அழுத்தியதுபோல் இருந்தது. அவ்வளவுதான். திரையில் கோடு ஒரு தடவை தடுமாறிவிட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. அளவைக் கூட்டி இன்னொரு தடவை போட்டார்கள். அதற்கும் அதேதான். டொக்டர் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். மிஸ்ஸிடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

"இன்னைக்கு காலையில இருந்து வாய்க்குள்ள போனது எல்லாத்தையும் சொல்லச் சொல்றாங்க" என்றார் மிஸ். "மருந்துதான்னு இல்ல. தேத்தண்ணி, கோப்பி, சோடா, எதுவா இருந்தாலும்."

தேத்தண்ணியைச் சொன்னேன். கால்மாட்டில் நின்ற சிவகுமார், "என்கிட்ட இருந்து டின்ல பாதி குடிச்சா, மிஸ்" என்றார். அதன் பிறகுதான் எனக்குத் தூள் நினைவு வந்தது. ரபீக் மாஸ்டர் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து வெளியே நின்றிருந்தார். பைக்குள் டப்பா இருந்தது. டொக்டர் அதை வாங்கி, பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பல பொருட்களை மொத்தமாக ஒரே கலவை என்று போட்டிருந்தார்கள். அதில் கஃபீன் எவ்வளவு என்று தனியாக இல்லை. டொக்டர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அவர் சொன்னதை மிஸ் எனக்குப் புரியும்படி சொன்னார். "இந்த ஊசி மருந்து போய் உக்கார வேண்டிய எடத்துல எல்லாம் கஃபீன் போய் உக்காந்திருக்கு. அதுதான் மருந்து பிடிக்கல. இப்ப இன்னும் கூட்டிப் போடப் போறாங்க."

மூன்றாவது ஊசியில் மிஸ் சொன்ன அந்த உணர்வு வந்தது. அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கிணற்றுக்குள் விழுகிற மாதிரி என்றால் விழுவதற்காவது ஓர் ஆழம் இருக்கும். அதுவும் இல்லை. நான் முடிந்துவிட்டேன் என்று உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அறிந்தது. சிவகுமார் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோடு நேராகப் போனதை அவர் கண்டார். என் வலது பாதத்தை அவர் பிடித்திருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு நெஞ்சுக்குள் பலமாக ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி. அப்புறம் வரிசையாக, நிதானமாக, எனக்குப் பழக்கமான என் இதயம்.

"ஹரி" என்றார் டொக்டர். சரியாகிவிட்டது. சிவகுமார் என் பாதத்தை விட்டுவிட்டு வெளியே போனார். அவர் சுவரைப் பார்த்து நின்று அழுததை மாஸ்டர் பல மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

வார்டில் சில நாட்கள் வைத்திருந்தார்கள். இரத்தத்தில் பலதும் பார்த்தார்கள். இதயத் தசைக்குச் சேதம் இருக்கிறதா என்று ஒன்று, உப்புச்சத்து சரியா என்று ஒன்று, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அதிகம் வேலை செய்தாலும் இதயம் இப்படி ஓடுமாம், அதற்கு ஒன்று. எல்லாம் சரியாக வந்தன. எல்லாம் சரி என்றால் எது பிழை என்ற பயம்தான் கூடியது. பக்கத்துக் கட்டிலில் வட்டவளைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர் இருந்தார். கையில் ஊசி குத்தியிருந்ததால் என்னால் தலை பின்ன முடியவில்லை. கேட்காமலே வந்து உட்கார்ந்து என் தலையைச் சீவிப் பின்னிவிட்டார். என் சிங்களமும் அவர் தமிழும் கொஞ்சம்தான். பிள்ளைகளைப் பற்றிப் பேச அது போதுமாயிருந்தது.

அண்ணி மத்தியானத்தில் ரசமும் குழைந்த சோறும் கொண்டுவருவார். மடுவத்தில் எனக்குப் பதிலாக யார் என்ற கவலையே இருக்கவில்லை. அண்ணி தோட்டத்தில் சொல்லி ஆள் ஒழுங்கு செய்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே சொன்னார்.

"வீட்டுல இருக்கிற இன்னொரு டப்பாவ நான் எடுத்து வச்சிட்டேன். பால்மா டின்னுக்குப் பக்கத்துல வச்சிருக்க. சின்னவ நேத்து அத இறக்கி, அம்மா குடிக்கிற ஜூஸ் நானும் கரைச்சுக் குடிக்கவான்னு கேக்குறா."

கோடு நேராய்ப் போன நேரத்தைவிட இந்தப் பேச்சுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. நிரோஷா என் பாதி எடைகூட இல்லை. அவள் கேட்டாளே, கேட்காமல் குடிக்கவில்லையே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

வார்டைப் பார்க்கும் பெரிய டொக்டர் தமிழ்க்காரர். ஒரு காகிதத்தின் பின்பக்கம் இதயத்தை வரைந்து விளக்கினார். இதயம் துடிக்க மேலேயிருந்து கீழே ஒரு கரண்டு போக வேண்டும். எல்லோருக்கும் அதற்கு ஒரு பாதை இருக்கும். எனக்குப் பிறவியிலேயே பக்கத்தில் இன்னொரு சின்னப் பாதையும் இருக்கிறது. சில நேரம் கரண்டு ஒன்றால் இறங்கி மற்றதால் ஏறி, வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் இதயம் அடிக்கும்.

"அப்ப தூள் குடிச்சதால வரலையா, சேர்?" என்று கேட்டேன்.

"பாதையைத் தூள் உண்டாக்கவில்லை. அது உங்களோடு பிறந்தது. ஆனால் கரண்டு வழிமாறிச் சுற்றுவதற்கு ஒரு தள்ளு வேண்டும். தூக்கமில்லை, வெறுவயிறு, தூள், டின், அதற்கு மேலே பாரம் தூக்கினது. எல்லாம் சேர்ந்து தள்ளியிருக்கலாம். இன்றைக்கு இல்லாவிட்டால் வேறொரு நாள் வந்திருக்கவும் கூடும்."

எனக்கு ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று தெரியவில்லை. முழுப்பழியையும் அந்த டப்பாமீது போட்டுவிடலாம் என்று எதிர்பார்த்திருந்தேன்.

இதை ஒரேயடியாகச் சரிப்படுத்த வழி இருக்கிறது, கொழும்பில் செய்வார்கள், அதற்கு முதலில் கண்டியில் இதய நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை துடிப்பைக் கட்டுப்படுத்தக் குளிசை தந்தார். போட்டி அந்த மாதம் நடந்தது. நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் முழுதாய் வந்தது. ஆஸ்பத்திரியில் பயந்தால் கூப்பிட ஆள் இருந்தது. இங்கே ரோட்டிலிருந்து எங்கள் வீடிருக்கும் லயத்துக்கு ஏறும் பாதையில் மூச்சு வாங்கினால்கூட நின்றுவிடுவேன். மடுவத்தில் பிள்ளைகள் கைநீட்டினால் தூக்க யோசித்தேன். எந்த நேரமும் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன். நிரோஷாவும் என்னைப் பார்த்துத் தன் கழுத்தில் விரல் வைக்கப் பழகிவிட்டாள். அதைக் கண்ட அன்று அவளுக்கு முன்னால் செய்வதை நிறுத்தினேன்.

கண்டிக்குப் போன நாட்கள் எல்லாம் காத்திருந்த நாட்கள்தான். விடியுமுன் கிளம்பி, நம்பர் எடுத்து, நீளப் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து போவோம். ஸ்கேன் கருவியால் இதயம் அடிப்பதைப் படமாகப் பார்த்தார்கள். ஒரு முழுநாள் இடுப்பில் சிறிய பெட்டியொன்றைக் கட்டி, துடிப்பு அத்தனையையும் பதிந்தார்கள். அந்தப் பெட்டியோடு மடுவத்துக்குப் போனபோது பிள்ளைகள் அதை ரேடியோ என்று நினைத்துப் பாட்டு போடச் சொன்னார்கள். இதயம் கட்டமைப்பில் நன்றாக இருக்கிறது, மின்சாரப் பாதைதான் பிரச்சினை என்று கண்டியிலும் சொன்னார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியின் வரிசையில் என் பெயர் சேர்ந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குச் செலவில்லை. ஆனால் போக்குவரத்து, வெளியில் எடுத்த ஒரு சோதனை, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்ந்து கையை இறுக்கின. சிவகுமார் இரவு ஹயர்களைக் கூட்டினார். நானுஓயாவில் ரயிலில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றவும் போய்வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலைக் கழுவ உதவப்போன நான், சீற்றுக்கு அடியில் காலி டின்களைக் கண்டேன். ஒன்றிரண்டு அல்ல.

"இது என்னங்க?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். "தூக்கம் வந்தா நான் என்ன செய்யுறது? ஓட்டாம இருக்க முடியுமா?"

"எனக்கு நடந்தத பாத்துட்டுமா?"

"ஒனக்கு அந்தப் பாத இருக்கு. எனக்கு இல்லையே."

"இல்லன்னு யாரு சொன்னா? எனக்கும் முப்பத்து மூணு வயசு வரைக்கும் இல்லன்னுதான் இருந்துச்சு."

வாளியைத் தூக்கும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"தூக்கம் வந்தா ஓரமா நிப்பாட்டிப் படுங்க" என்றேன். "ஒரு ஹயர் போனா போகட்டும். நீங்க கொண்டுவர்றது நான் பொழைக்கிறதுக்குத்தானே. நீங்க இல்லாம நான் பொழைச்சு என்ன செய்ய?"

அன்றே எல்லாம் மாறிவிட்டதாக எழுத மாட்டேன். மூன்று, நாலு நாளைக்கு அவருக்குத் தலையிடி, எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். பழகிய கஃபீனை நிறுத்தினால் அப்படித்தான் இருக்குமாம். மெல்ல மெல்ல டின் குறைந்து நின்றது. இரவு ஹயரில் பாதியை விட்டார். அந்தக் குறையை அண்ணி தன் சம்பளத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டு அரிசி, மாவில் நிரப்பினார்.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. அங்கே கடையில் வேலை செய்யும் என் தம்பியின் அறையில் சிவகுமார் தங்கினார். எனக்குச் செய்தது பெரிய ஆபரேஷன் இல்லை. நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயர்களை இதயம் வரை கொண்டுபோவார்கள். பிழையான பாதை எது என்று கண்டுபிடித்து, வயரின் நுனியால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி மூடிவிடுவார்கள். நான் விழித்திருந்தேன்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருந்தது. பாதையைக் கண்டுபிடிக்க அந்த ஓட்டத்தை அவர்களே தொடங்கிவைக்க வேண்டும். "இப்ப உங்கட இதயத்தை ஓட வைக்கப் போறோம். எங்கட கையிலதான் இருக்கு, நிப்பாட்டவும் ஏலும்" என்றார் தலைமாட்டில் நின்ற டொக்டர், மட்டக்களப்புக்காரர். சுவிட்சைப் போட்டதுபோல் அதே பறப்பு, கழுத்தில் அதே அடி. இத்தனை மாதம் எதற்குப் பயந்து ஒளிந்தேனோ அது வந்துவிட்டது. ஆனால் அறையில் ஒருவரும் பதறவில்லை. ஒருவர் திரையைக் காட்டி, "அந்தா, அதுதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களே நிறுத்தினார்கள். பிறகு நெஞ்சுக்குள் சின்னச் சூடு. மறுபடி எத்தனையோ முறை ஓட வைக்கப் பார்த்தார்கள். ஓடவில்லை.

அன்று முழுக்கக் காலை மடக்காமல் படுத்திருந்தேன். சிவகுமார் கரண்டியால் தேத்தண்ணி ஊட்டினார். கழுத்தெல்லாம் சிந்தியது.

வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த மட்டக்களப்பு டொக்டரிடம், நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வியை நான் கேட்டேன். அவர் சொன்னதை என் நினைவிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு நோய், வருத்தம் ஏதும் இருந்தால் உங்கள் டொக்டரைத்தான் கேட்க வேண்டும்.

"கஃபீன் எண்டது பேய் இல்ல. நீங்க குடிக்கிற தேத்தண்ணியிலயும் அதுதான் இருக்கு. சுகமான ஆளுக்கு அளவா எடுத்தா, பயிற்சியில களைப்புத் தெரியாம கொஞ்சம் உதவும், அது உண்மை. பிரச்சினை என்னெண்டா, தூளில ஒரு கரண்டிக்குள்ள எத்தனை கோப்பி கிடக்கெண்டு கன டப்பாவில எழுதியிருக்காது. அதுக்கு மேல டின், அதுக்கு மேல தேத்தண்ணி. ஆரும் கூட்டிப் பாக்கிறேல்ல."

"மூஞ்சியில ஊர்ற மாதிரி இருக்குமே சேர், அது பெலன் ஏறுறதா?"

"இல்ல. அது வேற ஒரு சாமான். தோலில அப்பிடிக் கூசும், அவ்வளவுதான். பெலன் நித்திரையிலயும் சாப்பாட்டிலயும்தான் ஏறும். அந்தத் தூள் உங்கட நித்திரையை எடுத்துப்போட்டு, உசாரைத் தந்திருக்கு. கணக்குப் பாருங்க, லாபமா?"

பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் அது வேண்டவே வேண்டாம் என்றார். தங்களுக்கு என்ன இருக்கிறதென்று தெரியாதவர்கள்தான் அதிகம் என்றும் சொன்னார். நெஞ்சு படபடத்து, கண் இருண்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போனால் குடித்ததையெல்லாம் கேட்கும் முன்பே சொல்ல வேண்டும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். பிழையான ஓட்டம் சுவிட்ச் போட்ட மாதிரித் தொடங்கி, சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்கும். சுகமான இதயம் வேலைக்கு ஏற்றபடி ஏறி, ஓய்ந்ததும் படிப்படியாக இறங்கும். "வித்தியாசம் உங்களுக்கு விளங்கும். பயப்படாமத் தூக்குங்க" என்றார்.

சொன்னபடி சில வாரம் ஓய்ந்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை ஜிம்முக்குப் போனேன். காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்திருந்தேன். முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். ரபீக் மாஸ்டர் முதலில் வெறும் பாரைத்தான் தந்தார். அடுத்த வாரம் சின்னத் தட்டுகள். தூள் இல்லாமல் முன்பு தூக்கியதைத் தூக்க முடியாதோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஆரம்பத்தில் குறைவாகத்தான் வந்தது. மாதங்கள் போகப் போக, படுத்ததும் தூங்குகிற உடம்பு பழைய அளவை எட்டியது.

பாரமான தட்டுகளை மறுபடி மாட்டிய நாளன்று பெண்கள் எல்லோரும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குனிந்து, பிடித்து, மூச்சை இழுத்து நிமிர்ந்தேன். பாரை இறக்கி வைத்ததும் இதயம் மளமளவென்று அடித்தது. காதுக்குள் கேட்டது. என் கை தானாகவே கழுத்துக்குப் போனது.

மாஸ்டர் ஓடி வந்தார். "என்ன செய்யுது? த்ரீவீலுக்குப் போன் எடுக்கவா?"

பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். விரலுக்கடியில் வேகமாக அடித்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு படியாக இறங்கி, இறங்கி, கடைசியில் விரலை அழுத்தித் தேடினால்தான் தெரியும் அளவுக்கு அமைதியாகிவிட்டது.

எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் அஞ்சு கிலோ போடுங்க, மாஸ்டர்" என்றேன்.